முத்திரிக்கிணறு தரும் பாடம்



கன்னியாகுமரிக்கு வருவோர் பலர் கடலையும் பாறையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அய்யா தவமிருந்த சுவாமித்தோப்பு அதன் அருகிலேயே உள்ளது.

பதிக்குச் செல்வோர் முதலில் முத்திரிக்கிணற்றில் நீராடுவது வழக்கம். இது வெறும் குளியல் அன்று. திருவிதாங்கூர் மன்னராட்சியில் ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றை அணுகவும் முடியாதிருந்த காலம் அது. அப்போது 18 சாதி மக்களையும் ஒரே கிணற்றில் நீரெடுக்கச் செய்தார் அய்யா. தலைநிமிர்ந்து வாழத் தலைப்பாகை அணியச் செய்தார். பள்ளியறைக் கண்ணாடியில் நம்மையே காணச் செய்தார்.

ஊர் திரும்பியபின், நம் வீட்டில் வேலை செய்பவருக்குத் தனிக்குவளை வைத்தால் முத்திரிக்கிணற்றில் நனைந்தது நம் உடல் மட்டுமே. உள்ளமும் நனையட்டும்.

அய்யா உண்டு.