அறுகோணம் தட்டையாக வர...

கேள்வி: குரோஷாவில் பல நிற அறுகோணங்கள் பின்னி, இணைத்துப் போர்வையாக்க ஆசை. சில துண்டுகள் கிண்ணம்போல் குழிகின்றன. சிலவற்றின் ஓரம் நெளிகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கோளாறு பெரும்பாலும் கணக்கில்தான். துண்டு குழிந்தால் தையல் போதவில்லை, நெளிந்தால் அதிகம். டபுள் குரோஷாவில் பின்னும்போது சுற்றுக்கு 12 தையல் கூட வேண்டும். முதல் சுற்றில் வளையத்துக்குள் 12. இரண்டாவதில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக 24. மூன்றாவதில், மூன்று தையலைத் தனித்தனியாகப் போட்டு, நான்காவதில் மட்டும் மூன்று போடுங்கள். மொத்தம் 36 வரும். ஆறு மூலைகளும் தெரியும். அடுத்த சுற்றுகளில் மூலையின் நடுத் தையலில் மட்டும் மூன்று போட்டால் போதும்.

எல்லா நிறமும் ஒரே கனமுள்ள நூலாக இருக்கட்டும், ஊசியையும் மாற்றாதீர்கள். இல்லையென்றால் துண்டுகளின் அளவு மாறி, இணைக்கும்போது இழுக்கும். நூல் முனைகளை அவ்வப்போதே உள்ளே கோத்து மறைத்துவிடுங்கள். கடைசிச் சுற்றை எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் பின்னினால், மிச்ச நூல்களின் கலவையும் ஒழுங்காகத் தெரியும்.

அறுகோணங்கள் இடைவெளியில்லாமல் பொருந்தும். ஆனால் போர்வையின் ஓரம் நேராக வராது. பக்கவாட்டுப் பள்ளங்களை அரை அறுகோணங்களால் நிரப்பலாம். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளியைவிடப் பருத்தி நூலே நல்லது.