மாற்று மூட்டுக்கு ஆயுள் எவ்வளவு?

"டாக்டர், இந்த மூட்டு எத்தனை வருஷம் தாங்கும்?" முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் பலரும் கேட்கும் கேள்வி இது. உங்கள் பாட்டியோ தாத்தாவோ கூடக் கேட்டிருக்கலாம். மருத்துவர் சொல்லும் விடைக்குப் பின்னால் நீங்கள் பள்ளியில் படிக்கும் நிகழ்தகவுக் கணக்கு ஒளிந்திருக்கிறது, மாணவர்களே.

முழங்காலில் எலும்புகள் சந்திக்கும் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அதற்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. ஆகவே தேய்ந்துபோனால் அது எளிதில் மீண்டும் வளர்வதில்லை. தேய்மானம் முற்றினால் எலும்போடு எலும்பு உரசும். வலி தாங்க முடியாது. மருந்து, உடற்பயிற்சி எதுவும் பலிக்காத நிலையில்தான் அறுவை சிகிச்சை. 'மாற்று' என்றதும் முழங்காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். எலும்பு முனைகளை மெல்லச் சீவி, பல்லுக்கு உறை போடுவதுபோல உலோக உறை பொருத்துகிறார்கள். தொடை எலும்பின் முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலப்புலோகம்; கீழே ஓர் உலோகத் தட்டு; இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற நெகிழித் துண்டு.

நடக்க நடக்க அந்த நெகிழியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். நம் உடலின் விழுங்கணுக்கள் அவற்றைக் கிருமி என்று எண்ணி விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. அதனால் ஏற்படும் அழற்சி அருகிலுள்ள எலும்பையே கரைக்கத் தொடங்கும், மூட்டு தளர்ந்துவிடும். கிருமித் தொற்றாலும் மூட்டு கெடலாம். அப்போது இரண்டாம் அறுவை சிகிச்சை தேவை. அது முதலாவதைவிடக் கடினமானது.

இவற்றையெல்லாம் நாடு முழுவதும் பதிவுசெய்யும் வழக்கத்தைச் சுவீடன் 1975இலேயே தொடங்கியது. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டு நிலைக்கும் என்றது.

இங்கே ஒரு சிக்கல். 70 வயதில் சிகிச்சை பெற்ற பலர் 25 ஆண்டு வாழ்வதில்லை. மூட்டு நன்றாக இருக்கும்போதே இறந்துபோனவரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பத்துப் பேரை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டில் ஒருவரின் மூட்டு கெட்டது. அதன்பின் நான்கு பேர் நல்ல மூட்டுடன் காலமானார்கள். பன்னிரண்டாம் ஆண்டில் இன்னொருவரின் மூட்டு கெட்டது. இறந்தவர்களை வெற்றிக் கணக்கில் சேர்த்தால் 80 விழுக்காடு. தோல்வியில் சேர்த்தால் 40. இரண்டுமே பொருந்தவில்லை, இல்லையா? காப்லன், மையர் என்ற இருவர் 1958இல் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு தடவை மூட்டு கெடும்போதும், அந்த நேரத்தில் கண்காணிப்பில் இருப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். முதலில் 9/10. நால்வர் விலகியபின் எஞ்சியவர் ஐவர். அவர்களில் ஒருவருக்குக் கெட்டதால் 4/5. பெருக்கினால் 0.72, அதாவது 72 விழுக்காடு.

இது மூட்டின் கணக்கு. எல்லாரும் பன்னிரண்டு ஆண்டு உயிரோடு இருந்தால், 28 விழுக்காட்டினருக்கு மூட்டு கெடும் என்கிறது. ஆனால் நம் பத்துப் பேரில் உண்மையில் மீண்டும் கத்தி வைக்கப்பட்டது இருவருக்குத்தான். ஆகவே பாட்டிக்குத் தேவையான எண் வேறு: தம் வாழ்நாளில் இன்னோர் அறுவை சிகிச்சை வருமா என்பது. 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களுக்கு அந்த வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ 35 விழுக்காடு வரை. ஐம்பது வயதுக்காரரிடம் மருத்துவர் "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பது இதனால்தான்.

மூட்டை விடுங்கள், மனிதரின் ஆயுள் என்னவாகிறது? சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில், இவர்களிடையே இறப்பு விகிதம் அதே வயதுப் பொதுமக்களைவிடக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உலோகம் ஆயுளைக் கூட்டுகிறது என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். இதயம் பலவீனமானவரை, மயக்க மருந்தைத் தாங்க மாட்டார் என்று மருத்துவர் முன்பே திருப்பி அனுப்பியிருப்பார். அவர் பொதுமக்கள் கணக்கில் இருப்பார். மூட்டு மாற்றியவர்கள் கணக்கில் இருக்க மாட்டார்.