தாமதம் என்றால் என்ன?
(வேத பாடம்)



ஆபகூக் 2:3-ஐ வாசிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வரும். தரிசனம் தாமதிக்கலாம் என்று சொல்லிவிட்டு, அதே வசனத்தில் அது தாமதிக்காது என்றும் சொல்லியிருக்கிறதே, இது எப்படி? சொல்லின் பொருளை ஆராய்ந்தால் விடை கிடைக்கும்.

1. தமிழில்: 'தமஸ்' என்ற வடசொல்லுக்கு இருள் என்று பொருள். அதிலிருந்து வந்த 'தாமசம்' சோம்பலையும் மந்தத்தையும் குறித்தது. மாசம் மாதம் ஆனதுபோல தாமசம் 'தாமதம்' ஆயிற்று. நம் பெரியவர்கள் இன்றும் "ஏன் இவ்வளவு தாமசம்?" என்றுதானே கேட்கிறார்கள்!

2. எபிரெயத்தில்: அந்த வசனத்தில் இருப்பது இரண்டு வேறு சொற்கள். முதலாவது, தயங்கி நிற்பது. இரண்டாவது, குறித்த வேளைக்குப் பிந்திப்போவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்துவிட்டது. தரிசனம் நின்று வருவதுபோல நமக்குத் தெரியலாம். ஆனால் வேளை தப்பாது.

அந்த முதல் சொல்தான் ஆதியாகமம் 19:16-லும் வருகிறது. சோதோமை விட்டுப் புறப்படாமல் லோத்து தயங்கி நின்றான். தூதர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று.

3. கிரேக்கத்தில்: 2 பேதுரு 3:9-ல் உள்ள சொல் 'மெதுவான' என்பதிலிருந்து வந்தது. கர்த்தர் மந்தமாயிருக்கிறவர் அல்ல, ஒருவரும் கெட்டுப்போகாதபடி பொறுமையாயிருக்கிறார் என்பதே அங்கே கருத்து.

நம்ம படாளம் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பைப் பாருங்கள். அது வயலில் 10, 12 மாதம் நிற்கிறது. அதைத் தாமதம் என்று யாராவது சொல்வார்களா? அது முற்றுகிற காலம். ஆனால் வெட்டின கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைப்பதே நல்லது. கிடக்கக் கிடக்க எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும்.

பிள்ளைக்காக, வேலைக்காக, வருஷக்கணக்காய் ஜெபித்துக் காத்திருக்கிற சகோதரியே, சகோதரனே, சோர்ந்துபோகாதே! நீ காத்திருப்பது வயலில் நிற்கிற கரும்பு. தேவனுடைய வேளையிலே அது முற்றும்.

ஆனால் ஞானஸ்நானத்துக்கு அழைக்கும்போதும், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டோடு ஒப்புரவாகச் சொல்லும்போதும், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிறோமே, அது வெட்டின கரும்பு. அந்தத் தாமதத்தில்தான் பழைய இருள் ஒளிந்திருக்கிறது.

தேவன் தாமதிப்பதாகத் தோன்றினால் காத்திருங்கள். நாம் தாமதிக்கிறோம் என்று தெரிந்தால் இன்றைக்கே எழும்புங்கள். கர்த்தர்தாமே கிருபை செய்வாராக. ஆமென்.