பரம்பரையாக வரும் கொழுப்பு

வயது 38. பீடி கிடையாது, குடி கிடையாது. ஆள் ஒல்லி. உழைத்து உரம் ஏறிய உடம்பு. ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. அவருடைய அப்பாவும் 42 வயதில் இப்படித்தான் போனார்.

இப்படி ஒரு சாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது ஊர் என்ன பேசும்? தலையெழுத்து என்பார் ஒருவர். செய்வினை என்பார் இன்னொருவர். "எல்லாம் இவள் வந்த ராசி" என்று மனைவியைச் சொல்கிறவர்களும் உண்டு. இது பெரிய அநியாயம். புருஷனை இழந்தவள் மேல் பழியையும் போடுகிறோம். அவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு வெகுநாள் முன்பே, அவர் பிறந்த அன்றே, அந்த நோய்க்கான காரணம் அவர் உடம்பில் இருந்திருக்கலாம்.

அது எப்படி? வாருங்கள், படிப்போம்.

நமக்கு அப்பாவின் மூக்கு, அம்மாவின் நிறம் என்று வருகிறது அல்லவா? உடம்பு எப்படி வளர வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு நமக்குள்ளே ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மரபணு என்று பெயர். ஜீன் என்றும் சொல்வார்கள். பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு இரண்டாக இருக்கின்றன. ஒன்று அம்மா கொடுத்தது. மற்றது அப்பா கொடுத்தது.

இந்தக் குறிப்பிலும் எழுத்துகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் எழுத்து மாறிவிடும். 'சந்தோஷம்' என்பதைச் 'சந்தோசம்' என்று எழுதினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் 'மழை வருகிறது' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'மலை வருகிறது' ஆகிவிடும். (நம் வகுப்பில் வாரம் ஒரு முறையாவது மலை வருகிறது.) மரபணுவிலும் இப்படித்தான். எழுத்து மாற்றம் எல்லோரிடமும் உண்டு. பெரும்பாலானவற்றால் கெடுதல் இல்லை. சில மாற்றங்கள் மட்டும் நோயைக் கொண்டுவருகின்றன.

அப்படி ஒன்றுதான் பரம்பரைக் கொழுப்பு நோய். கொழுப்பு என்றவுடன் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பைச் சொல்கிறேன். அது உடம்புக்கு வேண்டியதுதான். அளவு மீறினால்தான் ஆபத்து. மீறுகிற கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வேலையை நம் கல்லீரல் செய்கிறது. அதற்காக அதன் மேல் சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. குறிப்பில் எழுத்து மாறியவருக்கு இந்த வாசல்களில் பாதி சரியாக வேலை செய்வதில்லை. தெருவுக்கு இரண்டு குப்பை வண்டி வர வேண்டும். ஒன்றுதான் வருகிறது. தெரு என்ன ஆகும்? அதுதான் ரத்தக் குழாயிலும் ஆகிறது. பிறந்த நாள் முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பு படிகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. 30, 40 வருடம் கழித்து ஒரு நாள் இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது.

அதனால்தான் ஒல்லியானவருக்கும், கறியே தொடாதவருக்கும் இது வருகிறது.

இந்த வாசல்களைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு மருத்துவர்கள். இதற்காக 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உலகில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. 5000 பேர் உள்ள ஊர் என்றால் எத்தனை பேர்? வகுத்துப் பாருங்கள். 20 வரும். வைத்தியம் செய்யாமல் விட்டால், இந்த நோய் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும். பெண்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். வராது என்பதில்லை. அண்ணன் போனபின் தம்பியை மட்டும் சோதித்துவிட்டு, தங்கையை மறந்துவிடுகிறோம். அது தவறு.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவது போல. நான்கு பிள்ளை என்றால் இரண்டு பேருக்கு என்று கணக்குப் போடக் கூடாது. நான்கு பேருக்கும் வரலாம். ஒருவருக்கும் வராமலும் போகலாம். பெற்றோர் இருவருக்குமே இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான மரபணு வந்துவிடக் கூடும். அந்தப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது இந்த வாய்ப்பு கூடுகிறது. சொத்து வெளியே போகக் கூடாது என்று சொந்தத்தில் கொடுக்கிறோம். சில வீடுகளில் நோயும் வெளியே போகாமல் தங்கிவிடுகிறது.

எப்படித் தெரிந்துகொள்வது? சிலருக்குக் கண் இமையில் மஞ்சள் திட்டு இருக்கும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் தடித்திருக்கும். பலருக்கு வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. ரத்தத்தில் கொழுப்பின் அளவைப் பார்க்கும் சோதனைதான் வழி. கெட்ட கொழுப்பு 190-க்கு மேல் இருந்தால் டாக்டர் இந்த நோயைச் சந்தேகிப்பார். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், பிள்ளைகளையும் பள்ளி வயதிலேயே சோதிக்க வேண்டும்.

மருந்து உண்டு. ஸ்டாட்டின் என்ற வகை மாத்திரை. அதில் ஒன்றான அட்டோர்வாஸ்டாட்டின் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. தினமும் சாப்பிட வேண்டும். கொழுப்பு குறைந்துவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பரம்பரையாக வரும் இதய நோய் எல்லாம் கொழுப்பால் வருவதில்லை. இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றம் இந்தியாவில் 100 பேரில் சுமார் 4 பேரிடம் இருப்பதாக 2009-இல் தெரியவந்தது. 25 எழுத்துகள் விடுபட்டுப் போன மாற்றம் அது. ஹைதராபாத், மதுரை விஞ்ஞானிகளும் அந்த ஆராய்ச்சியில் இருந்தார்கள். அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்தால்தான் ஆபத்து கூடுகிறது என்று 2018-இல் வந்த ஆராய்ச்சி காட்டியது.

"ரத்தத்திலேயே வந்துவிட்டது. இனி பீடியை விட்டு என்ன, விடாமல் என்ன?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. 55,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. பல சிறு மரபணு மாற்றங்கள் சேர்ந்து ஆபத்து அதிகமாக இருந்தவர்களை அதில் பார்த்தார்கள். அவர்களிலும் புகைக்காமல், உடம்பு பெருக்காமல், நடந்து, நல்ல உணவு சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பரம்பரைக் கொழுப்பு நோய் உள்ளவருக்கோ மாத்திரையும் வேண்டும், பீடியை விடவும் வேண்டும். பாதி வாசலோடு பிறந்தவர் புகையையும் சேர்த்துக்கொண்டால் குழாய் தாங்காது.

எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுங்கள். நடுவில் உங்கள் பெயர். மேலே அப்பா, அம்மா. அதற்கும் மேலே தாத்தா, பாட்டி. பக்கத்தில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி ஆகியோரையும் விடாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே நெஞ்சுவலி வந்ததா, எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்த ஆண், 60 வயதுக்கு முன் வந்த பெண் யாராவது இருந்தால் அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

வட்டம் இருந்தால் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டாக்டரிடம் தாளைக் காட்டி, "கொழுப்புச் சோதனை செய்ய வேண்டுமா?" என்று கேளுங்கள். தாளில் உள்ள தம்பி, தங்கைகளையும் கூடவே அழைத்துப் போங்கள்.