எண்பது வயதில் ஒரு புது வால்வு

புளியங்குளம்

அன்புள்ள பிள்ளை,

அம்மம்மாவுக்குப் பெருநாடி வால்வு சுருங்கிவிட்டதாம் என்று, வவுனியாவில் எக்கோ எடுத்த கையோடு எழுதியிருந்தாய். "எண்பது வயதில் நெஞ்சைப் பிளக்க ஏலுமோ, குளிசையோடை விடுவம் என்கிறார் மாமா" என்ற உன் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது.

பெருநாடியின் வாயிலில் இருக்கும் அந்த அரைமதி வால்வு உனக்குப் பாடத்தில் இருக்கிறது. முதுமையில் அதன் இதழ்களில் கல்சியம் படிந்துவிட்டால், துருசு இறுகிய குளம் மாதிரித்தான்; இருதயம் எவ்வளவு முக்கினாலும் இரத்தம் போதியளவு வெளியேறாது. அந்த இறுக்கத்தை இளக்கக் குளிசை இல்லை. கொழுப்புக் குளிசைகளையும் சோதித்தார்கள், பலிக்கவில்லை. இளைப்பும் மயக்கமும் தொடங்கிய பிறகு வால்வை மாற்றாதவர்களில் பலர் இரண்டு மூன்று வருடம் தாண்டுவதில்லை. "வயது போனால் களைக்கும்தானே" என்று சொல்லியே எத்தனை பேரை விட்டுவிட்டோம்!

நெஞ்சைப் பிளக்காமலே மாற்றலாம் என்று காட்டியவர் டென்மார்க்கின் ஹென்னிங் ரூட் அன்டர்சன். 1989 இல் அமெரிக்காவில், இருதயக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் பற்றிய உரையொன்றைக் கேட்டார். அதற்குள் வால்வைத் தைத்தால் என்ன என்று தோன்றியது. ஊர் திரும்பி இறைச்சிக்கடையில் பன்றி இருதயங்கள் வாங்கினார். கம்பியைத் தன் கையால் வளைத்தார். மே 1 ஆம் திகதி உயிருள்ள பன்றிக்குள் செலுத்தியே விட்டார். பெரிய சஞ்சிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1992 இல்தான் அச்சேறியது. ஆய்வுகூடத்தில் சாமான் இல்லை என்று சாட்டுச் சொல்லும் உன் வகுப்புக்காரருக்கு இதை வாசித்துக் காட்டு.

மனிதருக்கு முதலில் வைத்தவர் பிரான்சின் அலன் கிரிபியே, ரூவான் நகரில், 2002 ஏப்ரல் 16 அன்று. நோயாளி, சத்திரசிகிச்சை நிபுணர்கள் கைவிட்ட 57 வயதுக்காரர். வேறு சிக்கல்களால் நாலு மாதமளவில் இறந்தாலும் வால்வு வேலை செய்தது. இன்று 'டாவி' எனப்படும் இம்முறையில், மடித்த வால்வைத் தொடை நாடியால் ஏற்றி, இருதயம் துடிக்கத் துடிக்கவே விரித்து வைக்கிறார்கள். சத்திரசிகிச்சை தாங்காத முதியவர்களிடம் நடந்து 2010 இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்துக்குள் இறந்தோர் வழமையான சிகிச்சையில் 50.7 வீதம், டாவியில் 30.7 வீதம்.

"பலூன் அடித்தால் போதும்" என்றும் மாமா சொல்வார். மூட்டுவாதக் காய்ச்சலால் இளவயதில் ஒட்டிப்போகும் மைட்ரல் வால்வுக்கு அது நல்ல வைத்தியம். கல்சியம் படிந்த பெருநாடி வால்வோ பலூனால் விரித்தாலும் சில மாதங்களில் திரும்பச் சுருங்கும்.

டாவியிலும் பக்கவாத ஆபத்து உண்டு, சிலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படும், செலவும் பெரிது. அவற்றை எடைபோட வேண்டியவர்கள் இருதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும், அம்மம்மாவும், மாமா அல்ல. அடுத்த கிளினிக்குக்கு எக்கோ அறிக்கையோடு நீயே கூடப்போய், டாவி செய்ய ஏலுமா என்று வாய்விட்டுக் கேள்.