ஒல்லாந்தர் வகுத்த தெருக்கள்

நம் புதுச்சேரி நகரின் பெருமைகளுள் ஒன்று அதன் நேரான தெருக்களாகும். வடக்கு தெற்காகச் செல்லும் வீதிகளைக் கிழக்கு மேற்காகச் செல்லும் வீதிகள் சதுரங்கக் கட்டம்போல் வெட்டுகின்றன. குருவிநத்தத்திலிருந்து நகரத்திற்குச் செல்லும் நாம் அங்கே வழி தவறுவதில்லை. இவ்வமைப்பு பிரெஞ்சுக்காரர் தந்தது என்றே பலரும் கூறுவர். உண்மை என்ன?

1674-இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சு வணிகத்தை நிலைபெறச் செய்தார். அக்காலத்தில் சோழமண்டலக் கரையில் வலிமை மிக்கவர் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர். பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த அவர்கள், 1690 முதல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டனர். 1693-இல் பெரும் கப்பற்படையுடன் வந்து புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1697-இல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699-இல் ஊரைத் திருப்பித் தந்தனர். ஆக, அவர்கள் இருந்தது ஆறே ஆண்டுகள்!

அந்த ஆறு ஆண்டுகளில் அவர்கள் ஊரை அளந்து, நேர்கோட்டில் தெருக்களை வகுத்துப் படம் வரைந்தனர். அப்படங்களை ஆராய்ந்த ழான் தெலோஷ் என்னும் அறிஞர், நகர அமைப்பின் தொடக்கம் டச்சுக்காரருடையதே என்று 2004-இல் எடுத்துக்காட்டினார். தங்கள் நாட்டிலும், சாவகத் தீவின் பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) நேர்கோட்டில் நகரமைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

இவ்வளவு முயற்சி எதற்காக? துணிக்காக! நெசவாளர் குடியேறினால் துணி பெருகும். துணி பெருகினால் கப்பல் நிறையும். எனவே நெசவாளருக்கும் வணிகருக்கும் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. தொழிலும் சாதியும் பார்த்து மக்கள் பிரிந்து வாழ்ந்த அக்கால வழக்கத்தைச் செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு, வைசியாள் தெரு என்னும் பெயர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. பிற்காலத்தில் பெரிய வாய்க்கால் ஓர் எல்லையானது. அதன் கிழக்கே வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி.

திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் அந்தத் தெரு அமைப்பை அழிக்காமல் விரிவாக்கினர். 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆயினும் பழைய தெருக்களின் வழியிலேயே நகரம் மீண்டும் எழுந்தது. கோட்டை போயிற்று, கோடு நின்றது!

தோழியரே! கோடு வரைந்தவர் ஒல்லாந்தர், வளர்த்தவர் பிரெஞ்சுக்காரர். ஆனால் தறியில் உழைத்த நெசவாளரும், நூல் நூற்ற பெண்களும், கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களும் இல்லையேல் அது வெறும் படமாகவே இருந்திருக்கும். நகரின் பெருமையைப் பேசும்போது அவர்களையும் சேர்த்தே போற்றுவோம். மக்களைப் பிரித்து வைத்த எல்லைகளை மறந்து, அந்த வீதிகளில் அனைவரும் ஒரு குடும்பமாய் நடப்போமாக!