படகு விளக்கும் குடும்ப நலமும்



குடும்ப நலம் என்றால் அளவான குடும்பமும் தடுப்பூசியும் மட்டும்தானா? இல்லை. கடலுக்குப் போன ஆள் பத்திரமாகக் கரை சேர்வதும் குடும்ப நலந்தான். இரவுத் தொழிலுக்குப் போகிறவரும் வீட்டில் காத்திருப்பவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம் இது.

கணவன்: நிலா வெளிச்சம் இருக்கு. கடலும் எனக்குப் பழக்கம். விளக்கு எதுக்கு?

மனைவி: உங்களுக்குக் கடல் தெரியுங்க. வர்ற கப்பலுக்கு நீங்க இருக்கிறது தெரிய வேண்டாமா?

மனைவி சொல்வதே சரி. படகு விளக்கு நாம் பார்ப்பதற்கு அல்ல. பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. பெரிய கப்பல் நினைத்தவுடன் நிற்காது. தாழ்வான மரப்படகும் ஃபைபர் படகும் ராடார் கருவியில் சரியாகத் தெரியாமலும் போகலாம்.

(மீனைக் கவர்ந்து பிடிக்கும் விளக்கு வேறு. அதற்கு மத்திய அரசு 2017-இல் தடை விதித்தது. இங்கே சொல்வது அடையாள விளக்கு.)

எந்த விளக்கு?

சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை விளக்கு எரிய வேண்டும். மூடுபனி இருந்தால் பகலிலும் வேண்டும். 1972-இல் வகுக்கப்பட்ட சர்வதேசக் கடல் விதிகள் சொல்வது:

1. துடுப்புப் படகு, 7 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு: வெள்ளை ஒளி தரும் டார்ச் லைட் அல்லது அரிக்கேன் விளக்கு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மோதல் நேரும் முன்பே காட்ட வேண்டும்.

2. 12 மீட்டருக்குக் குறைந்த இயந்திரப் படகு: நாலு பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று. அத்துடன் வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு. வெள்ளை விளக்கு 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும்.

3. வலை விட்டிருக்கும் படகு: மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இழுவலைப் படகானால் மேலே பச்சை, கீழே வெள்ளை.

அழகுக்காகக் கலர் சீரியல் விளக்கு கட்டாதீங்க. எதிரே வருபவருக்குக் குழப்பம் வரும்.

எதிரே வரும் கப்பல்

சிவப்பு, பச்சை இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கப்பல் நம்மை நோக்கி நேராக வருகிறது! உடனே விலகுங்கள். டார்ச் லைட்டை ஐந்து முறைக்குக் குறையாமல் வேகமாகச் சிமிட்டிக் காட்டுங்கள்.

வலை விட்ட அசதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. முறை வைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று விளக்கை அணைக்காதீங்க.

கண்ணும் முக்கியம்

இருட்டுக்குக் கண் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். காவல் இருப்பவர் முகத்தில் டார்ச் அடிக்காதீங்க. செல்போனையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். அந்தி நேரத்தில் பார்வை மங்கினால் அது மாலைக்கண்ணாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை சாப்பாட்டில் சேருங்கள். சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அவர்களும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நெருப்பு ஜாக்கிரதை!

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கிவிடும். எண்ணெய் ஊற்றும்போது அரிக்கேனோ பீடியோ அருகில் கூடாது. தீக்காயம் பட்டால் மையோ பற்பசையோ தடவாமல், 20 நிமிடம் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வீட்டில் மண்ணெண்ணெயைக் குடிநீர் பாட்டிலில் வைக்காதீங்க. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

புறப்படும் முன் இருவரும் பார்க்க வேண்டியவை

விளக்கு எரிகிறதா?
பேட்டரி நிறைய இருக்கிறதா?
தண்ணீர் புகாத பையில் இன்னொரு டார்ச் இருக்கிறதா?
உயிர்காப்புச் சட்டை ஆளுக்கொன்று இருக்கிறதா?
எந்தப் பக்கம் போகிறார், எப்போது திரும்புவார் என்று வீட்டில் தெரியுமா?

சொன்ன நேரத்தில் படகு திரும்பவில்லையா? விடியட்டும் என்று காத்திராமல் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

ஒரு விளக்குக்கு ஆகும் செலவு பெரிதல்ல. அதை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது.

விளக்கில்லாமல் படகு இறக்காதீர்!